தண்ணீர் இல்லாத படகு. முகம் பார்க்காத தோழர்கள்

படகு என்றால் தண்ணீர் வேண்டும். துடுப்பு வேண்டும். இந்தப் படகுக்கு இரண்டும் தேவை இல்லை.

வீட்டுக் கூடத்தில் ஒரு மூலையில் இது கிடக்கும். நீளமான ஓர் உலோகத் தண்டு. அதன் மேல் முன்னும் பின்னும் ஓடும் ஒரு சிறு இருக்கை. எதிரே காற்றாடி போன்ற ஒரு சக்கரம். சக்கரத்தோடு சேர்ந்த சங்கிலியில் ஒரு கைப்பிடி. இருக்கையில் உட்கார்ந்து, பாதங்களைப் பட்டையில் மாட்டிக்கொண்டு, கைப்பிடியை இழுத்தால் சக்கரம் சுற்றும். முன்னால் உள்ள சின்னப் பெட்டியில், "இத்தனை மீட்டர் போயிருக்கிறீர்கள்" என்று எண் ஓடும். படகோ ஓர் அங்குலம்கூட நகர்ந்திருக்காது!

நகராத இந்தப் படகில் நாள் தவறாமல் போகிறவர்கள் உலகம் எங்கும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் தனியாகப் போவதில்லை. கூட்டாகப் போகிறார்கள். ஒருவர் கனடாவில் இருப்பார். இன்னொருவர் இங்கிலாந்தில். மூன்றாமவர் ஆஸ்திரேலியாவில். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்தது கிடையாது. ஆனாலும் ஒருவர் இரண்டு நாள் தலைகாட்டாவிட்டால், "உடம்புக்கு என்ன?" என்று மற்றவர்கள் கேட்கிறார்கள்.

தஞ்சைத் தரணிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. வரிசையில் நின்று, ஒரே தாளத்தில் குனிந்து நிமிர்ந்து நாற்று நட்ட பூமி இது. அந்த வரிசை இப்போது கலைந்துகொண்டு வருகிறது.

பனிக்கட்டியால் பிறந்த எந்திரம்

குளிர் நாடுகளில் மார்கழி, தை மாதங்களில் ஆறு உறைந்துவிடும். படகுப் பந்தய வீரர்கள் அப்போது எங்கே போய்ப் பழகுவது? இந்தக் கவலைதான் இந்த எந்திரத்துக்கு வழி காட்டியது.

அமெரிக்காவில் பீட்டர் டிரைசிகேக்கர், டிக் டிரைசிகேக்கர் என்று இரண்டு சகோதரர்கள். 1976-ல் பந்தயத் துடுப்புகள் செய்து விற்கத் தொடங்கினார்கள். 1981-ல் 'கான்செப்ட் டூ' என்ற தங்கள் கம்பெனியின் பெயரில் துடுப்புப் பயிற்சி எந்திரத்தைக் கொண்டுவந்தார்கள்.

அதே காலத்தில் பாஸ்டன் நகரத்துப் பழைய வீரர்கள் சிலர் குளிர்காலப் பொழுது போவதற்காக இதில் ஒரு போட்டி வைத்தார்கள். தங்கள் கூட்டத்துக்கு, "ஓய்ந்துபோன நட்சத்திரங்கள்" என்று பொருள்படும்படி கேலியாக ஒரு பெயரும் வைத்துக்கொண்டார்கள். அந்தக் கேலிப் போட்டி பிறகு பெரிய போட்டியாக வளர்ந்துவிட்டது.

இந்த எந்திரத்தில் ஒரு நியாயம் உண்டு. சக்கரம் காற்றைத் தள்ளிக்கொண்டு சுற்றுகிறது. ஓங்கி இழுத்தால் ஓங்கி எதிர்க்கும். மெல்ல இழுத்தால் மெல்ல விட்டுக்கொடுக்கும். பாட்டி இழுத்தாலும் பயில்வான் இழுத்தாலும் அவரவர் பலத்துக்குத் தக்க வேலை கொடுக்கும்.

புதிதாக உட்காருகிறவர்கள் கையால் மட்டும் இழுத்துக் களைத்துப் போவார்கள். முதலில் காலால் உந்த வேண்டும். பிறகு முதுகு சாய வேண்டும். கை கடைசியில்தான். திரும்பும்போது கை முதலில், பிறகு முதுகு, பிறகு கால். ஏற்றம் இறைத்தவர்களுக்கும் உலக்கை பிடித்தவர்களுக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உடம்பு முழுவதையும் வேலையில் இறக்குவது அவர்களுக்குப் பழகிய பாடம்.

தமிழ்நாட்டுக்குத் துடுப்புப் பந்தயம் புதிது அல்ல. சென்னையில் அடையாற்றங்கரையில் இருக்கும் மெட்ராஸ் போட் கிளப் 1867-ல் தொடங்கியது. காவிரிப் படுகையில் நிலைமை வேறு. மேட்டூரில் கதவு திறந்தால்தான் இங்கே ஆற்றில் தண்ணீர். அந்தத் தண்ணீரும் வயலுக்குத்தான்.

ஆயிரம் மீட்டருக்கும் மதிப்பு உண்டு

கூட்டாளிகள் எப்படிச் சேருகிறார்கள்?

எந்திரத்தில் ஓடும் மீட்டர் கணக்கை இன்டர்நெட்டில் பதிந்து வைக்கலாம். ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி 1 முதல் 31 வரை குழுப் போட்டி ஒன்றை அந்தக் கம்பெனி நடத்துகிறது. குழுவில் உள்ள எல்லாருடைய மீட்டரும் ஒன்றாகக் கூட்டப்படும். பக்கத்து ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு குழுவாகலாம். வேறு வேறு கண்டங்களில் இருக்கிறவர்களும் சேரலாம்.

அந்தக் கூட்டல் கணக்கில்தான் சிநேகத்தின் விதை இருக்கிறது. ஒருவர் ஒரே நாளில் 15,000 மீட்டர் இழுப்பார். முழங்கால் வலிக்காரர் ஒருவர் 1,000 மீட்டரோடு எழுந்துவிடுவார். ஓட்டப் பந்தயமாக இருந்தால் இரண்டாமவரை யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. இங்கே அவருடைய ஆயிரமும் குழுவின் கணக்கில் ஏறுகிறது. "இன்று ஆயிரம் போட்டீர்களே, சபாஷ்!" என்று மற்றவர்கள் சொல்வது வெறும் உபசாரம் அல்ல. அந்த ஆயிரம் அவர்களுக்கும் சேர்ந்ததுதான்.

தனி ஆளாகப் பத்து லட்சம் மீட்டர் சேர்த்தவர்களுக்கு என்று ஒரு வரிசை இருக்கிறது. பத்து லட்சம் மீட்டர் என்றால் ஆயிரம் கிலோமீட்டர். தலைக்காவிரியில் பிறந்து பூம்புகாரில் கடலில் கலக்கும் வரை காவிரி ஓடும் தூரம் சுமார் 800 கிலோமீட்டர். கூடத்து மூலையில் உட்கார்ந்தபடியே காவிரியை முழுவதும் கடந்து, மேலும் 200 கிலோமீட்டர் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 3,000 மீட்டர் போட்டால் 11 மாதத்தில் அதை எட்டிவிடலாம்.

பதினோரு மாதம் ஒரு வேலையை விடாமல் செய்வது லேசா? முதல் வாரம் ஆசை இழுக்கும். இரண்டாம் வாரம் வீம்பு இழுக்கும். மூன்றாம் வாரம் மழை வரும், மாமியார் வருவார், சளி பிடிக்கும். அங்கேதான் தோழர்கள் வேண்டும். ஒருவர் இரவு ஷிப்டு முடிந்து வந்து, "உட்கார மனம் இல்லை" என்று எழுதுவார். "ஐந்தே நிமிஷம் போடுங்கள், போதும்" என்று பதில் வரும். இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று ஒருவர் சொன்னால், "எந்திரத்தைத் தொடாதீர்கள், டாக்டரைப் பாருங்கள்" என்பார்கள். வீட்டில் சாவு விழுந்தவரிடம் மீட்டரைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

2020-ல் கொரோனா வந்து உலகமே கதவைச் சாத்தியபோது இந்த ஏற்பாட்டின் அருமை தெரிந்தது. படகுக் கிளப்புகள் மூடிக் கிடந்தன. 2020 பிப்ரவரியில் பாரிசில் கூடி நடத்திய உலக எந்திரத் துடுப்புப் போட்டியை, 2021 பிப்ரவரியில் அவரவர் இருந்த இடத்தில் இருந்தே நடத்தினார்கள்.

ஆராய்ச்சிக்காரர்கள் கண்டது

கூட்டாளி இருந்தால் அதிகம் பாடுபட முடியும் என்பது பாட்டி சொல்லும் சங்கதி. அதைச் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. அப்படிச் சோதித்ததும் படகுக்காரர்களை வைத்துத்தான்!

1920-களில் ஓட்டோ கோலர் என்ற ஜெர்மன் ஆராய்ச்சியாளர் பெர்லின் படகுக் கிளப் வீரர்களைக் கூப்பிட்டார். கனமான கம்பியைக் கை சோரும் வரை தூக்கச் சொன்னார். முதலில் தனித்தனியாக. பிறகு, இரட்டிப்புக் கனமுள்ள கம்பியை இருவர் சேர்ந்து தூக்க வேண்டும். ஒருவர் விட்டால் இருவருக்கும் ஆட்டம் முடிந்தது. தனியாக இருந்தபோது சீக்கிரம் சோர்ந்தவர், ஜோடியாக நின்றபோது நீண்ட நேரம் தாக்குப்பிடித்தார். "நம்மால் இவன் தோற்கக் கூடாது" என்ற நினைப்பு!

இதில் ஒரு நுட்பமும் இருக்கிறது. இருவருக்கும் பலம் சமமாக இருந்தபோது இந்தப் பலன் அவ்வளவாகக் கிடைக்கவில்லை. ஒருவர் மலை, மற்றவர் மடு என்று இருந்தபோதும் கிடைக்கவில்லை. கூட்டாளி கொஞ்சம் மட்டும் கூடுதல் பலசாலியாக இருந்தபோதே நன்றாகக் கிடைத்தது. நடைக்கு ஜோடி தேடுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

2009-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் இன்னொரு சோதனை நடந்தது. 12 படகு வீரர்கள் இதே எந்திரத்தில் 45 நிமிஷம் துடுப்புப் போட்டார்கள். சில நாள் தனியாக, சில நாள் குழுவாக ஒரே தாளத்தில். முடிந்ததும், ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி, "வலிக்கிறது" என்று சொல்லும் வரை இறுக்கினார்கள். உழைப்பு இரண்டு விதத்திலும் ஒன்றுதான். ஆனால் குழுவாகப் போட்ட நாளில் வலி தாங்கும் சக்தி கூடுதலாக இருந்தது. உடம்பு தானே சுரக்கும் வலி நிவாரணி கூட்டு உழைப்பில் அதிகம் சுரக்கிறது என்று அவர்கள் கருதினார்கள்.

பன்னிரண்டு பேரை வைத்துச் செய்த சின்னச் சோதனைதான் அது. அவர்கள் ஒரே அறையில் வேறு இருந்தார்கள். கூட்டாளி கண்காணாத இடத்தில் இருந்தால்? அமெரிக்காவில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டெபோரா பெல்ட்ஸ் என்ற பேராசிரியையும் அவருடைய குழுவினரும் 2011 வாக்கில் அதையும் பார்த்தார்கள். கூட்டாளியைத் திரையில் மட்டும் காட்டினார்கள். அப்போதும் ஆட்கள் தனியாகச் செய்ததைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள்.

இதற்கு நேர் எதிரான ஆசாமியும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. அயர்லாந்தில் ரிச்சர்ட் மார்கன் என்று ஒரு முதியவர். ரொட்டிக் கடையில் வேலை பார்த்தவர். 73 வயது வரை தேகப்பயிற்சி என்று எதையும் ஒழுங்காகச் செய்தவர் அல்ல. வீட்டுக் கொல்லையில் உள்ள கொட்டகையில் எந்திரத்தைப் போட்டுக்கொண்டு, தினமும் சுமார் 40 நிமிஷம் இழுத்தார். தம் வயதுப் பிரிவில் 4 முறை உலகச் சாம்பியன் ஆனார். 92 வயதில் அவரைச் சோதித்த ஆராய்ச்சியாளர்கள், உடம்பில் 80 சதவீதம் தசையாக இருப்பதைக் கண்டார்கள். 2023-ல் அந்த ஆராய்ச்சி வெளிவந்தது.

ஆனால் அவரை முதன்முதலில் எந்திரத்தில் உட்கார வைத்தது எது? பேரப்பிள்ளை துடுப்புப் பழகுவதைப் பார்க்கப் போயிருக்கிறார். "நீங்களும் உட்கார்ந்து பாருங்களேன், தாத்தா" என்கிற மாதிரி பயிற்சியாளர் கூப்பிட்டிருக்கிறார். பிறகு அவரைச் சோதித்த ஆராய்ச்சியாளர்களில் ஒருவரும் அவருடைய பேரன்தான்.

கலையும் வரிசை

இப்போது நம்முடைய வயலுக்கு வருவோம்.

குறுவை நடவு. நாற்றங்காலில் பறித்த நாற்று முடி முடியாக வயலில் விழுகிறது. பெண்கள் வரிசையாக இறங்குகிறார்கள். குனிந்தபடி பின்னால் நகர்ந்துகொண்டே நடுகிறார்கள். மூத்தவள் ஒருத்தி பாட்டு எடுக்கிறாள். மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். கையும் பாட்டும் ஒரே தாளத்தில் போகின்றன. ஒருத்தி பின்தங்கினால் பக்கத்தில் இருப்பவள் இரண்டு கைப்பிடி சேர்த்து நட்டு வரிசையைச் சமன் செய்கிறாள். வயல் முடிந்தால் குலவை. மறுநாள் ஒருத்தி வரவில்லை என்றால், கரையேறுமுன் எல்லாருக்கும் காரணம் தெரிந்திருக்கும்.

"என்னக்கா, நேத்து ஆளையே காணோம்?"

இந்த ஒரு கேள்வியைத்தான் கனடாக்காரரும் ஆஸ்திரேலியாக்காரரும் கம்பி வழியாகக் கேட்டுக்கொள்கிறார்கள்.

நடவுப் பாட்டை நினைத்து உருகுகிறவர்கள் நடவுக்காரியின் இடுப்பை மறந்துவிடுவது உண்டு. சேற்றில் நாள் முழுவதும் குனிந்து நிற்பது விளையாட்டு அல்ல. பாதிப் பேருக்கு அது விருப்பப்பட்டு ஏற்ற வேலையும் அல்ல. கூலி குறைவு. சேற்றுப்புண் வேறு. பாட்டே வலியை மறக்கத்தான். நடவு எந்திரம் வந்ததைக் குற்றம் சொல்ல முடியாது. 2025-ல் குறுவைத் தொகுப்பில் அரசாங்கமே எந்திர நடவுக்கு மானியம் கொடுத்தது.

எந்திரம் வந்தது நல்லது. ஆனால் அது வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. வரிசையையும் எடுத்துக்கொண்டது. ஏற்றம் போயிற்று, பம்பு செட் வந்தது. உலக்கை போயிற்று, மாவு மில் வந்தது. உடம்பு மிச்சமாயிற்று. கூடவே, "ஏன் வரவில்லை?" என்று கேட்கும் ஆளும் குறைந்துபோனார்.

மிச்சமான உடம்பு சும்மா இருப்பதில்லை. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, நாட்டில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்று கணக்கிட்டது. அடுத்த கவலை தனிமை. உலகத்தில் 6 பேரில் ஒருவர் தனிமையில் வாடுகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2025-ல் அறிவித்தது.

டெல்டாவில் இதற்குப் புள்ளி விவரம் தேட வேண்டியதில்லை. மகன் சிங்கப்பூரில். மகள் துபாயில். கும்பகோணத்துப் பக்கமோ மன்னார்குடிப் பக்கமோ பெரிய ஓட்டு வீட்டில் ஒரு அப்பா, ஒரு அம்மா. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேச்சு. "மாத்திரை சாப்பிட்டியாம்மா?" "சாப்பிட்டேன்டா." சாப்பிட்டாளா இல்லையா என்பது பக்கத்து வீட்டுக்காரிக்குத்தான் தெரியும்.

லட்ச ரூபாய் தேவை இல்லை

நல்ல துடுப்பு எந்திரம் ஒன்று வாங்க லட்ச ரூபாய்க்கு மேல் ஆகும். எல்லாரும் அதை வாங்க வேண்டும் என்று யாரும் சொல்லப்போவதில்லை. அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது எந்திரத்தை அல்ல, கணக்கை.

பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரம் 5 நாள், அரை மணி. நடந்தாலே போதும். தஞ்சைப் பெரிய கோவிலைச் சுற்றலாம். கல்லணைக் கால்வாய்க் கரையில் போகலாம். ஊர்க் குளத்தைச் சுற்றலாம். தனியாகத் தொடங்கினால் நாலாம் நாள் நின்றுபோகும் ஆபத்து உண்டு. நாலு பேர் கணக்கைச் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். "இந்த வாரம் நம் நாலு பேரும் சேர்ந்து 600 நிமிஷம்" என்று காலண்டரில் எழுதிவையுங்கள். ஒருவருக்குக் கால் வலி என்றால் அவர் 10 நிமிஷம் நடக்கட்டும். அந்தப் பத்தையும் சேருங்கள். மிச்சத்தை மற்றவர்கள் நிரப்பட்டும்.

சிங்கப்பூர் மகனையும் இதில் சேர்க்கலாம். அவனும் அங்கே நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன்தானே? "சாப்பிட்டியா" என்று கேட்பதோடு, "இன்று எத்தனை நிமிஷம் நடந்தாய்?" என்று அப்பாவும் மகனைக் கேட்கலாம். விசாரிக்கப்படுகிறவராக மட்டும் இருந்த கிழவருக்கு விசாரிக்கும் உரிமை கிடைத்தால் முதுகு நிமிர்ந்துவிடும்.

சுய உதவிக் குழுக்கள் இங்கே ஊருக்கு ஊர் இருக்கின்றன. வாரச் சேமிப்பைச் சொல்லிவைத்தாற்போல் கட்டுகிற பெண்கள் அவர்கள். பணக் கணக்கு எழுதும் நோட்டிலேயே நடைக் கணக்குக்கும் ஒரு பத்தி ஒதுக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஊழியர்கள் வீட்டு வாசலுக்கே வந்தார்கள். அவர்கள் எழுதிய எண்ணைக் குழுவில் ஒருத்தி கேட்டு வைத்துக்கொண்டால், மாத்திரையை நிறுத்தியது யார் என்று சீக்கிரம் தெரிந்துபோகும்.

சில எச்சரிக்கைகள். இருதய நோய், முதுகுத் தேய்மானம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது. தோழர் என்பவர் டாக்டர் அல்ல. கணக்கைக் கூட்டும் வெறியில் காய்ச்சல்காரரை நடக்கச் சொல்லுகிற குழுவும் குழு அல்ல. முகம் தெரியாத கூட்டாளி பணம் கேட்டால் உடனே விலகிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. வாட்ஸ்அப்பில் ரோஜாப் பூவும் 'காலை வணக்கமும்' நூறு பேருக்கு ஒரே தட்டில் அனுப்புவது இந்தக் கணக்கில் சேராது. அனுப்பியவருக்கு யார் யாருக்கு அனுப்பினோம் என்றே தெரியாது!

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் வழி உண்டு. மிஸ்டு கால். நடந்துவிட்டு வந்ததும் ஒரு மணி அடித்து வைத்துவிடுவது. காசு செலவு இல்லை. ஒரு மணி வந்தால் ஆள் நடந்தாயிற்று என்று அர்த்தம். ஒரு நாள் வராவிட்டால் போகட்டும். இரண்டு நாள் வராவிட்டால், மூன்றாம் நாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே அந்த வீட்டு வாசலில் போய் நின்று, "என்னக்கா, ஆளையே காணோம்?" என்று கேட்க வேண்டும்.